வெளியே விஷவாயு, உள்ளே நாம்: கதவைச் சாத்துவதிலிருந்து திறப்பது வரை

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூரில் கடலுக்கடியில் போகிற அமோனியா குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நெடி தாங்காமல் எழுந்து, கண் எரிய, நெஞ்சு அடைக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளம், அதோடு கழிமுகம் முழுக்க எண்ணெய்ப் படலம். அதிலிருந்தே மீளாத ஜனங்கள் அவர்கள்.

ஓடியவர்களைக் குறை சொல்லவே முடியாது. மூச்சு முட்டினால் யாராக இருந்தாலும் வாசலைத்தான் தேடுவார்கள், வேறு என்ன செய்யலாம் என்று யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் வாயு இருப்பது தெருவில். ஓடுகிறவர் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறார், காற்றோடு சேர்த்து அதில் கலந்திருப்பதையும்தான். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியபோது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாயு போகிற திசையிலேயே ஓடியவர்கள் ஏராளம். 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினம் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் ஸ்டைரீன் என்ற இரசாயனத்தின் ஆவி பரவியபோதும், வீட்டைவிட்டு வெளியே வந்தவர்கள் ரோட்டிலேயே சரிந்து விழுந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

அதனால் இந்த வழிகாட்டியின் மையமே ஒன்றுதான்: பக்கத்தில் விஷவாயு கசிந்தால், பெரும்பாலான சமயங்களில், நல்ல சுவரும் கூரையும் உள்ள வீட்டின் ஒரு அறை உங்களுக்கு ஒரு மணி நேரத்தையாவது வாங்கிக்கொடுக்கும். அந்த அறை எது என்பதை மட்டும் நெடி வந்த பிறகு யோசிக்கக் கூடாது.

மூடிய அறை எப்படி வேலை செய்கிறது

முழுக்க மூடிய வீட்டுக்குள்ளும் காற்று வந்துபோய்க்கொண்டுதான் இருக்கும். கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், வயர் போகிற ஓட்டை என்று எங்கெல்லாமோ நுழையும். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்றில் பாதியளவு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம், சுமாராக மூடிய அறைக்கு இது நியாயமான கணக்கு. வெளியே வாயு ஒரே அளவில் நின்றால், கால் மணி நேரத்தில் உள்ளே வெளியளவில் 12 விழுக்காடுதான் சேரும். ஒரு மணி நேரத்தில் 40க்குப் பக்கம். மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 80.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் வீடு உங்களைப் பெரிய அளவில் காப்பாற்றுகிறது. இடுக்குகளை அடைத்தால் அந்த நேரம் நீளும். இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. வெளியே வாயு விலகிப்போன பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். தெரு சுத்தமாகியிருக்கும், உள்ளே புகுந்த வாயு மட்டும் அதே மெதுவான வேகத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். அப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இதுவரை வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். சரியான நேரத்தில் மூடுவது எவ்வளவு முக்கியமோ, சரியான நேரத்தில் திறப்பதும் அவ்வளவு முக்கியம்.

எப்போது உள்ளே இருக்கக் கூடாது

அறையைத் தயார் செய்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தவறான இடத்தில் கதவைச் சாத்துவதும் ஆபத்து.

கசிவு உங்கள் வீட்டுக்குள்ளேயே என்றால் வெளியேறுங்கள். சமையல் எரிவாயு நெடி அடித்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. முடிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும், போன் பேசுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான். எல்பிஜி டேங்கர் கவிழ்ந்ததும் இதே வகைதான், அங்கே பயம் மூச்சைப் பற்றி இல்லை, தீயைப் பற்றி. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் டேங்கர் கவிழ்ந்தபோது போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, சுற்றியுள்ள 500 மீட்டருக்குள் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் போலீஸோ தீயணைப்புத் துறையோ கிளம்பச் சொன்னால் கேள்வி கேட்காமல் கிளம்ப வேண்டும்.

அதிகாரிகளிடமிருந்து வெளியேறு என்று தெளிவான உத்தரவு வந்தால், எந்த வாயுவாக இருந்தாலும், அதுதான் முடிவு. உத்தரவு எதுவும் வரவில்லை, நெடி வந்துவிட்டது, கண் எரிகிறது என்றால் உள்ளே போய் மூடுங்கள்.

அறையை இப்போதே தேர்ந்தெடுங்கள்

வீட்டில் ஒரு அறை. ஜன்னல் குறைவாக, முடிந்தால் மாடியில், தொழிற்சாலைக்கு எதிர்ப்புறமாக.

மாடி ஏன் என்றால், ஆபத்தான வாயுக்களில் பல காற்றைவிடக் கனமானவை. குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம், ஸ்டைரீன் ஆவி மூன்றரை மடங்கு. இவை தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கிலும் போய்த் தேங்கும். அமோனியா லேசான வாயுதானே, மேலே போய்விடாதா என்று கேட்கலாம். குளிரவைத்துத் திரவமாக்கிய அமோனியா, பூஜ்ஜியத்துக்கும் கீழே 33 டிகிரியில் இருப்பது, திடீரென்று வெளியே கொட்டும்போது வெள்ளைப் பனிமூட்டமாக ஆரம்பத்தில் தரையை ஒட்டித்தான் வரும். அதனால் அங்கேயும் மாடியே மேல். ஆனால் மொட்டை மாடிக்கு மட்டும் போகாதீர்கள்.

நம் ஊர் வீடுகளில் இதற்குச் சரியான அறை பெரும்பாலும் ஏசி போட்ட படுக்கையறைதான். குளிர் வெளியே போகக் கூடாது என்று அதன் கதவிடுக்கையும் ஜன்னலையும் ஏற்கனவே ஓரளவு அடைத்து வைத்திருப்போம். அங்கே போய் நின்று நிதானமாகப் பாருங்கள். கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கிறதா? ஸ்ப்ளிட் ஏசி குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடத்தைச் சரியாகப் பூசியிருக்கிறார்களா? நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்த ஓட்டையைச் சுற்றி விரல் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னப் பொந்து விட்டிருப்பார்கள், அதுவும் வழிதான். சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலிருந்து காற்று வருகிறதா என்று ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வெளியே நல்ல காற்று அடிக்கிற நாளில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அறையோடு சேர்ந்த பாத்ரூம் இருந்தால் வசதி, தண்ணீரும் கழிப்பறையும் கைக்கெட்டும். ஆனால் அங்கே பட்டை பட்டையாகக் கண்ணாடி செருகிய ஜன்னல் இருக்கும், எவ்வளவு அழுத்தி மூடினாலும் அது மூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். இரண்டையும் பாலித்தீனால் மூட வேண்டும். தரையில் இருக்கிற தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டால் அடியில் தண்ணீர் நின்று வாயு ஏறாமல் தடுக்கும்.

சமையலறை வேண்டாம்.

எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அமைதியாக உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுகிற ஒருவருக்கு 10 சதுர அடி தரை இருந்தால், முழுக்க அடைத்த அறையில் சுமார் 5 மணி நேரம் வரை கரியமில வாயு சேர்வதால் பிரச்சினை வராது. பத்துக்குப் பத்து அறையில் நான்கைந்து பேர் தாராளமாக இருக்கலாம். மூச்சுக்காற்று தீர்ந்துவிடும் என்ற பயத்தில் நடுவில் ஜன்னலைத் திறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் இந்த எண்ணை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற தடித்த பாலித்தீன் ஷீட், 200, 250 மைக்ரான் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கிடைப்பதில் தடித்தது. அட்டைப்பெட்டி ஒட்டுகிற அகலமான பிரவுன் டேப் இரண்டு மூன்று ரோல். கத்தரிக்கோல். பழைய துண்டுகள் ஏழெட்டு.

ஷீட்டை வாங்கி அப்படியே மடித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து, நான்கு பக்கமும் ஒரு சாண் அதிகம் விட்டு வெட்டி, மார்க்கரால் "பெட்ரூம் கிழக்கு ஜன்னல்", "பாத்ரூம் வென்டிலேட்டர்" என்று எழுதி வையுங்கள். கண் எரிகிற நேரத்தில் அளந்து வெட்டிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம் டேப்பை ஒரு முறை உண்மையிலேயே ஒட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் பழைய டிஸ்டெம்பர் சுவரிலும் டேப் நிற்கவே நிற்காது, பவுடர் மாதிரி உதிர்வதையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அப்படியென்றால் சுவரில் ஒட்டாமல் ஜன்னலின் மரச்சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ ஒட்டுகிற அளவுக்கு ஷீட்டை வெட்டுங்கள். சட்டத்தில் தூசியும் ஒட்டடையும் இருந்தால் அங்கேயும் நிற்காது, மாதத்துக்கு ஒரு தடவை துடைத்துவைப்பது நல்லது.

இதோடு மூடி போட்ட குடிதண்ணீர் கேன், டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், பேட்டரியில் ஓடுகிற சின்ன ரேடியோ, ஒரு வாரத்துக்கான மாத்திரைகள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இன்ஹேலர் ஒன்று கூடுதலாக இந்தப் பையிலேயே இருக்கட்டும். நெபுலைசர் கரண்டில் ஓடுவது, அதை மட்டும் நம்பக் கூடாது. பாத்ரூம் இல்லாத அறையென்றால் மூடி உள்ள ஒரு பக்கெட். கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர், ஃபிளாஸ்க்.

எழுதி ஒட்டவேண்டிய எண்கள்: 112 பொது அவசர எண், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை.

எல்லாம் வாங்கிவைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு செய்து பாருங்கள். யார் ஜன்னல், யார் அடுப்பு, யார் பாட்டியைக் கூட்டிவருவது என்று பிரித்துக்கொண்டு, ஆரம்பித்ததிலிருந்து கடைசி டேப் ஒட்டும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது.

நெடி வந்தவுடன்

யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். என்ன ஆச்சு என்று பார்க்கப் போவது, மாடியிலிருந்து வீடியோ எடுப்பது, இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர், தெருவில் போகிற பூக்கார அம்மா, அவர்களையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

முதலில் காற்று வருகிற பக்கத்து ஜன்னல்கள், பிறகு மற்றவை. வெறுமனே சாத்தாமல் தாழ்ப்பாள் போடுங்கள், தாழ்ப்பாள் போட்டால்தான் சட்டத்தோடு இறுகும். எக்ஸாஸ்ட் ஃபேன், ஏர் கூலர், ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். ஏர் கூலர் வெளிக்காற்றை அப்படியே உள்ளே தள்ளுகிற சாதனம், அதை முதலில் அணைக்க வேண்டும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுகிறது என்பது உண்மை, இருந்தாலும் எல்லா வீட்டிலும் ஏசி ஒரே மாதிரி இல்லை, விண்டோ ஏசியில் வெளிக்காற்று வருகிற வழி உண்டு. அவசரத்தில் யோசிக்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுவதே நல்ல பழக்கம். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி, ஊதுபத்தி எல்லாம் அணைய வேண்டும். சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

பிறகு எல்லோரும் அந்த அறைக்கு. கதவைச் சாத்தி, அடியில் நனைத்துப் பிழிந்த துண்டை இறுக்கமாகச் செருகுங்கள். உலர்ந்த துண்டைவிட ஈரத்துண்டு இடுக்கில் நன்றாக உட்காரும், அமோனியா போலத் தண்ணீரில் கரைகிற வாயுவைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். ஷீட்டுகளை ஒட்டும்போது மேல் ஓரத்தை முதலில் ஒட்டித் தொங்கவிட்டு, பிறகு பக்கங்கள், கடைசியில் அடி. சாவித்துவாரம், ஏசி குழாய் ஓட்டை, பயன்படுத்தாத பிளக் ஓட்டைகள் எல்லாவற்றிலும் டேப்.

இதற்கு நடுவில் ஒருவர் 112ஐ அழைத்து இடத்தையும் நெடி எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லட்டும். மூக்கைச் சுருக்கென்று குத்தி, பராமரிக்காத மூத்திரக் கழிப்பிடத்தின் காரமான நெடி மாதிரி வந்தால் அமோனியாவாக இருக்கலாம். பிளீச்சிங் பவுடர் வாசனை என்றால் குளோரின். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு, இதில்தான் மிகவும் கவனம் தேவை. அளவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும், வாசனை நின்றுவிட்டது என்று நிம்மதியாகிறவர் உண்மையில் அதிக ஆபத்தில் இருக்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டைத் தொடாதீர்கள். ஏறி இறங்கும் லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே காற்றை இழுத்துத் தள்ளும். உங்கள் வீட்டு வாசற்கதவுக்கு அடியிலும் ஈரத்துணி வையுங்கள், மாடிப்படி வழியே வருகிற வாயுவுக்கு அதுதான் முதல் தடுப்பு.

அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது

பேச்சைக் குறைத்து அமைதியாக உட்காருங்கள். அழுது மூச்சு வாங்குகிற குழந்தை பெரியவர்களைவிட உடல் எடைக்கு அதிகக் காற்றை இழுக்கிறது, அதனால் குழந்தையைச் சமாதானப்படுத்துவதும் இங்கே பாதுகாப்பு வேலையில் ஒன்று. தீக்குச்சி, மெழுகுவர்த்தி, சிகரெட் எதுவும் கூடாது.

ரேடியோவிலோ போனிலோ செய்தியைக் கவனியுங்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வருகிற "ஆலை வெடிக்கப் போகிறது, உடனே ஓடுங்கள்" வகையறாவை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள். விசாகப்பட்டினத்தில் கசிவு நடந்த அன்று நள்ளிரவில், மறுபடியும் கசிகிறது என்ற பேச்சில் சுற்றுப்பட்டு மக்கள் வீடுகளைவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள்.

முகத்துக்கு என்ன கட்டுவது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. சர்ஜிக்கல் மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது, அவை தூசிக்கும் புகைத்துகளுக்கும்தான். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து பல மடிப்பாக மூக்கையும் வாயையும் சேர்த்துப் பிடித்தால், அமோனியா, குளோரின், கந்தக டை ஆக்சைடு போன்றவற்றை ஓரளவு குறைக்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு அது எதுவுமே செய்யாது. துணியில் வினிகர் ஊற்றலாமா, எலுமிச்சை பிழியலாமா என்று சோதனையெல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

உள்ளேயும் நெடி ஏறிக்கொண்டே போகிறது, இருமல் நிற்கவில்லை, யாரோ மயங்குகிறார்கள் என்றால் அந்த அறை தோற்றுவிட்டது. அப்போது வாயும் மூக்கும் மறைய ஈரத்துணியோடு வெளியேறி, காற்றுக்குக் குறுக்கே நடங்கள். மரக்கிளை, கொடி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அந்தத் திசைக்கு நேர் பக்கவாட்டில். வாயு காற்றோடு நீளமாக இழுபட்டுப் போகும், அதன் அகலம் நீளத்தைவிடக் குறைவு, பக்கவாட்டில் போனால்தான் சீக்கிரம் தப்பலாம். காரில் போனால் கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்று வருகிற வழியை மூடிவிட்டு ஓட்டுங்கள்.

பிள்ளைகள் பள்ளியில் இருந்தால்

இதுதான் மனதுக்கு மிகக் கஷ்டமான பகுதி. பிள்ளையை அழைத்துவர ஓடாதீர்கள். நீங்கள் வாயுவுக்குள் வண்டி ஓட்டிப் போவீர்கள், பள்ளி உங்களுக்காகக் கேட்டைத் திறக்கும், பிறகு பிள்ளையையும் அதே வாயுவுக்குள் கூட்டிவருவீர்கள். ஆனால் பெற்றோர் நிம்மதியாக வீட்டில் இருக்க வேண்டுமென்றால் பள்ளியிடம் ஒரு திட்டம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: எந்தெந்த வகுப்பறைகளை மூட முடியும், உடைந்த ஜன்னல் கண்ணாடியை எப்போது மாற்றுவீர்கள், எங்களுக்கு எப்படித் தகவல் சொல்வீர்கள்?

மூட முடியாத வீடுகள்

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ், ஓலை, ஓடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கையளவு இடைவெளி. மேலே சொன்ன எதுவும் இந்த வீடுகளில் முழுசாக நடக்காது, ஆலைகளுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவையும் பெரும்பாலும் இதே வீடுகள்தான். போபாலில் ஆலைச்சுவரை ஒட்டியிருந்த குடிசைகளில் தூக்கத்திலேயே செத்துப்போனவர்கள் உண்டு, "வீட்டுக்குள் இருங்கள்" என்று அவர்களுக்கு யார் சொல்லியிருந்தாலும் பயன்பட்டிருக்காது.

அதனால் இங்கே அறையைத் தேர்ந்தெடுப்பது தெருவின் வேலை. இரண்டு மூன்று நிமிட நடையில் இருக்கிற கான்கிரீட் கட்டடம் எது? மாடி வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா? பள்ளி, சர்ச், சமுதாயக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் இருந்தால் ராத்திரியில் சாவி யாரிடம்? புயல் மையம் காற்றையும் வெள்ளத்தையும் தாங்கக் கட்டியது, ஜன்னல்கள் இறுக்கமாக மூடுமா என்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஷீட்டும் டேப்பும் அங்கேயே இருக்கட்டும். நடக்க முடியாத முதியவர்களை யார் தூக்கிவருவது என்பது பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும்.

திறக்கும் நேரம்

ஒலிபெருக்கியிலோ, டிவியிலோ, 1077 மூலமாகவோ ஆபத்து நீங்கியது என்று உறுதியானவுடன், சோம்பல் படாமல் எல்லாவற்றையும் திறங்கள். ஷீட்டைக் கிழித்து, எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வெளியே வந்து நில்லுங்கள். வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு உள்ளே போகலாம். கீழ்த்தளம், கார் பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி இருக்கிற பள்ளம் போன்ற இடங்களில் கனமான வாயு தேங்கியிருக்கலாம், அங்கெல்லாம் உடனே இறங்க வேண்டாம். திறந்து கிடந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

உடம்பில் பட்டிருந்தால்

நனைந்த அல்லது நெடி ஏறிய துணியை உடனே கழற்றுங்கள். தலைவழியாக உருவும் பனியனை முகத்தின் மேல் இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு வெளியே வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர், சோப்பு. கண் எரிந்தால் கசக்காமல், இமையைத் திறந்துபிடித்து, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

குளோரின் போன்றவை நுரையீரலில் வேலை காட்டச் சில மணி நேரம் பிடிக்கலாம், ஒரு நாள்கூட ஆகலாம். இப்போது நன்றாக இருக்கிறேன் என்று படுத்தவருக்கு ராத்திரியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வருவதுண்டு. நன்றாக நெடி பட்டவர், கர்ப்பிணி, குழந்தை, ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவர், இவர்கள் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

புகை என்றால் கணக்கு வேறு

வாயுக் கசிவு பெரும்பாலும் மணிக்கணக்கில் முடியும். குப்பைக் கிடங்குத் தீ அப்படியில்லை. 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் குப்பைமேட்டில் பிடித்த தீயின் புகை பத்து நாளுக்கும் மேல் ஊரைச் சூழ்ந்து நின்றது. அத்தனை நாள் டேப் ஒட்டி உட்கார முடியாது. இங்கே என்95 உண்மையிலேயே உதவும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தினால். புகை குறைகிற நேரம் பார்த்து வீட்டைக் காற்றாட விட்டு, கூடும்போது மூடி, முடிந்தால் குழந்தைகளையும் முதியவர்களையும் சில நாள் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே நல்ல வழி.

கேட்டு வாங்க வேண்டியவை

போபாலுக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள், பெருவிபத்து வாய்ப்புள்ள ஆலையை நடத்துபவர், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுப்புற மக்களிடம் ஆபத்து என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கின்றன. ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரத் திட்டத்தை மாவட்ட அளவில் வைத்திருக்க வேண்டும், அதற்கு வருடத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகையும் நடக்க வேண்டும். 1996இல் வந்த இரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும். பக்கத்தில் உரத் தொழிற்சாலை, குளிர்பதனக் கிடங்கு, இறால் ஏற்றுமதி ஆலை, குளோரின் சிலிண்டர் வைத்திருக்கிற குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எது இருந்தாலும் இதைக் கேட்கலாம். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மயங்கி விழுந்தது நினைவிருக்கும்.

கிராம சபையிலோ, வார்டு கூட்டத்திலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவாகவோ கேளுங்கள். எங்கள் பகுதி எந்த ஆலையின் வெளி அவசரத் திட்டத்தில் வருகிறது? கடைசி ஒத்திகை எந்தத் தேதியில், எந்தத் தெருவில் நடந்தது? அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும், ஆபத்து நீங்கியதற்கான சங்கு எப்படி ஒலிக்கும்? ராத்திரி 12 மணிக்குக் கசிந்தால் எங்களுக்கு யார், எந்த வழியில் சொல்வார்கள்? பதிலை எழுத்தில் வாங்கி, கூட்டம் போட்டு ஊருக்குப் படித்துக் காட்டுங்கள்.